நடவுப் பெண்ணின் கூலியும் உடல்நலமும்

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை பற்றிப் பேசுவேன், உரம் பற்றிப் பேசுவேன். புகையான் வந்தால் என்ன செய்வது, இலைசுருட்டுப் புழு வந்தால் என்ன செய்வது என்று சொல்வேன். இன்று பயிரைப் பற்றி அல்ல, பயிரை நட்டு, களையெடுத்து, அறுத்துக் கொடுக்கிற பெண்களைப் பற்றிப் பேசப் போகிறேன். "இது வேளாண்மைத் துறைக்காரர் பேச வேண்டிய விஷயமா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எப்படி மாறியது என்பதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு காவிரி டெல்டாவில் ஒரு கிராமம். சம்பா நட்டு இருபத்தைந்து நாள் இருக்கும். கையில் இலை வண்ண அட்டையை வைத்துக்கொண்டு வயலில் நின்றேன். அந்த அட்டை உங்களுக்குத் தெரியும். வெளிர் பச்சையிலிருந்து கரும் பச்சை வரை வரிசையாக நிறம் இருக்கும். நெல் இலையை அதன்மேல் வைத்துப் பார்த்தால் யூரியா போட வேண்டுமா, பொறுக்கலாமா என்று தெரிந்துவிடும். பத்து இலை பார்த்தேன். "கொஞ்சம் வெளுப்பு இருக்குங்க, மேலுரம் போடலாம்" என்று வயல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் பன்னிரண்டு பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மா மெல்ல எழுந்து வரப்பில் உட்கார்ந்தார். மார்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வயல்காரர், "அது எப்பவும் அப்படித்தான் சார், வெயில் ஏறினா உக்காந்துக்கும்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. நகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் அப்படியே சாய்ந்துவிட்டார்.

உரம் ஏற்றி வந்த லோடு ஆட்டோவிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஆறு. தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏற்றும்படி ஆயிற்று. அங்கே இருந்த நர்ஸம்மா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "சார், நீங்க அந்த வயலுக்கு மாசத்துல நாலு தடவை போறீங்க. இலை வெளுத்தா உங்களுக்குத் தெரியுது. இந்த அம்மா வெளுத்தது தெரியலையா?"

எனக்குப் பதில் வரவில்லை.

அந்த அம்மாவிடம், "ஏம்மா, இவ்வளவு நாளா ஆஸ்பத்திரிக்கு வரல?" என்று கேட்டேன். நாலைந்து மாதமாக மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகிறது என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னது வேறு: "ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தா ஒரு நாள் கூலி போயிடும் சார். மறுநாள் வேற ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க. களை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

பெருமக்களே, நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். கூலி வேறு, உடல்நலம் வேறு என்று நாம் இரண்டு நோட்டில் கணக்கு எழுதுகிறோம். அந்தப் பெண்ணுக்கு அது ஒரே கணக்கு. கூலி குறைவாக இருப்பதால் ஒரு நாளும் விட முடியவில்லை. ஒரு நாளும் விட முடியாததால் நோய் முற்றுகிறது. நோய் முற்றினால் இருந்த கூலியும் போகிறது.

அன்னபேதிக் கணக்கு

முதலில் இந்த ரத்தசோகையைப் பார்ப்போம். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21-ல் எடுத்த கணக்குப்படி, இந்தியாவில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு. உங்கள் வயலில் பத்துப் பெண்கள் நடவு நடுகிறார்கள் என்றால், அதில் ஐந்து பேராவது ரத்தம் குறைந்த உடம்போடு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்றங்காலில் இளங்குருத்து வெளுத்தால் அது இரும்புச் சத்துக் குறை என்று நமக்குத் தெரியும். உடனே அன்னபேதி உப்பு வாங்கிக் கரைத்துத் தெளிக்கிறோம். அதற்குத்தான் ஃபெரஸ் சல்பேட் என்று பெயர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்குக் கொடுக்கிற சத்து மாத்திரையிலும் இருப்பது அதே ஃபெரஸ் சல்பேட்தான். ஒன்று பயிருக்காகச் செய்தது, மற்றது மனிதருக்காகச் சுத்தம் செய்து அளவு பார்த்துச் செய்தது; ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் பயன்படுத்திவிடக் கூடாது. ஆனால் பயிருக்கு வாங்க நாம் கடைக்கு ஓடுகிறோம். பெண்ணுக்கு இலவசமாகக் கொடுப்பதை வாங்கிவர அவளுக்கு அரை நாள் விடுவதில்லை.

தாய்மார்களே, மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்தாதீர்கள், அது இரும்பின் நிறம்தான். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையோடு டீ, காப்பி வேண்டாம். டீயில் உள்ள துவர்ப்பு, இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக ஒட்டும். முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, முடிந்தால் வாரம் ஒரு நாள் ஈரல் என்று சாப்பாட்டிலும் கவனம் வையுங்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறி, குடலில் இருந்துகொண்டு ரத்தத்தைக் குடிக்கும். வயலில் செருப்புப் போட முடியாது, சரி. வரப்பேறியதும் காலைக் கழுவிச் செருப்பைப் போடுங்கள். பூச்சி மாத்திரை பற்றி நர்ஸைக் கேளுங்கள். மாதவிலக்கில் ரத்தம் கட்டி கட்டியாகவோ வாரக்கணக்காகவோ போனால் அது வயசுக் கோளாறு என்று இருந்துவிடாதீர்கள். காரணம் பார்க்க வேண்டும்.

குனிந்தால் பாதி, நிமிர்ந்தால் முழுசு

இனி கூலிக்கு வருவோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒற்றை நாற்று நடவுக்காக ஊர் ஊராகக் கோனோவீடரைக் கொண்டுபோனோம். வரிசை நடவில் அதைத் தள்ளிக்கொண்டே போனால் களை மண்ணோடு அமுங்கிவிடும். ஒரு ஊரில் செயல்விளக்கம் வைத்தேன். நாற்பது பேருக்கு அழைப்பு அனுப்பினேன். நாற்பதும் ஆண்கள். கருவியை ஆண்கள் கையில்தான் கொடுத்தேன். அந்தப் பருவத்திலேயே அந்த ஊரில் களைவேலை ஆண் வேலையாக மாறியது. கருவி தள்ளுகிறவருக்கு ஆண் கூலி. அதுவரை குனிந்து கையால் களை எடுத்த பெண்களுக்கு வேலையே பாதி போயிற்று.

அறுவடை சமயத்தில் ஒரு பாட்டி களத்துமேட்டில் என்னை நிறுத்தினார். "ஏன் சார், அதே வயல், அதே களை. நாங்க குனிஞ்சு எடுத்தா பாதிக் கூலி. அவுங்க நிமிந்து தள்ளினா முழுக் கூலியா? நிமிந்து தள்ள எங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

படித்துப் பட்டம் வாங்கியவன் நான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. கருவியின் கைப்பிடி ஆண் உயரத்துக்கு இருந்தது. அதை நாலு விரல் இறக்கி மாட்டியிருந்தால் அந்தப் பெண்களே தள்ளியிருப்பார்கள். கருவியில் இருந்த குறையைவிட, அதை யார் கையில் கொடுப்பது என்று யோசித்த என் புத்தியில் இருந்த குறை பெரியது.

"ஆம்பிளை செய்வது கஷ்டமான வேலை, அதனால் கூலி கூட" என்று சொல்வது வழக்கம். கஷ்டத்தை எதை வைத்து அளக்கிறோம்? முழங்கால் சேற்றில், முதுகை இரண்டாக மடித்து, காலை முதல் பிற்பகல் வரை பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நடுவது சுலபமான வேலையா? சந்தேகம் உள்ள அண்ணன்மார்கள் ஒரே ஒரு மணி நேரம் நட்டுப் பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1976-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கும், ஒரே மாதிரியான திறமையும் உழைப்பும் பொறுப்பும் வேண்டிய வேலைக்கும் ஆண் பெண் என்று பார்த்துக் கூலி குறைக்கக் கூடாது என்றது. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே விதியைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தைத்தான் நாம் 'நூறு நாள் வேலை' என்று அழைத்தோம். அதில் இருவருக்கும் ஒரே கூலி. வேலையிடத்தில் குடிதண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்றும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், "எனக்கும் அவருக்கும் ஒரே கூலிதான்" என்று பெண்கள் வாய்விட்டுச் சொல்லும் தைரியத்தை அந்த வேலைதான் கொடுத்தது.

"எங்களுக்கே கட்டுப்படியாகலையே சார்" என்பீர்கள். நியாயம். விதை, உரம், உழவுக் கூலி எல்லாம் ஏறிவிட்டது. நெல் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. சிறு விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். டிராக்டருக்குக் கட்டுப்படியாகவில்லை என்று பாதி வாடகை கொடுக்க முடியுமா? உரக்கடையில் பாதிப் பணம் கொடுத்து முழு மூட்டை கேட்க முடியுமா? பற்றாக்குறை வந்ததும் நம் கை எப்போதும் பெண் கூலியில்தான் போய் நிற்கிறது, ஏனென்றால் அங்கேதான் எதிர்ப்பு இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி, ஒரு குழுவாக நடவு நடுகிற ஊர்களைப் பாருங்கள். நட்ட பரப்புக்குப் பணம். நடுவது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. அங்கே விவசாயம் நின்றுவிடவில்லையே!

மருந்து தொட்ட கை

மூன்றாவதாக, பூச்சிமருந்து. இதிலும் என் தவறு ஒன்று இருக்கிறது. பாதுகாப்பாகத் தெளிப்பது எப்படி என்று பயிற்சி நடத்தினோம். கையுறை, முகமூடி எல்லாம் கொடுத்தோம். வந்தது ஆண்கள், ஏனென்றால் கைத்தெளிப்பான் முதுகில் ஏறுவது ஆண்களுக்கு. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்தது யார்? மருந்தை வாளியில் ஊற்றிக் கலக்கியது யார்? மறுநாளே அந்த வயலில் இறங்கிக் களை எடுத்தது யார்? சாயங்காலம் மருந்து நனைந்த வேட்டியைக் கல்லில் அடித்துத் துவைத்தது யார்? நாலும் பெண்கள். பயிற்சி மட்டும் அவர்களுக்கு இல்லை.

ஆகவே இப்போது இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மருந்துப் புட்டியில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் குடிதண்ணீர் ஆகிவிடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மருந்து கலக்கவும் கூடாது, தெளிக்கவும் கூடாது, தெளித்த வயலில் இறங்கவும் கூடாது. மற்றவர்களும் தெளித்த மறுநாள் இறங்க வேண்டாம். எத்தனை நாள் என்று புட்டியோடு வரும் தாளில் போட்டிருந்தால் அதன்படி பொறுங்கள். கையால் கலக்காதீர்கள், குச்சி போடுங்கள். மருந்து பட்ட துணியை மற்ற துணியோடு சேர்க்காமல் சோப்புப் போட்டுத் தனியாகத் துவையுங்கள். பார்வை மங்குவது, எச்சில் ஊறுவது, வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, மூச்சுத் திணறல் இவை விஷம் ஏறியதன் அடையாளம். உடனே துணியை மாற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்துப் புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் மாற்று மருந்து கொடுப்பார்.

தாகத்தை அடக்கும் பெண்கள்

நாலாவது விஷயத்தை வானொலியில் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். ஒரு நடவு வயலில், "ஏம்மா, இந்த வெயில்ல யாருமே தண்ணி குடிக்கல?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வயசான அம்மா சொன்னார்: "குடிச்சா ஒதுங்கணும் சார். எங்க ஒதுங்குறது? சுத்தி நட்ட வயல். ரோட்டுல பஸ் போகுது."

ஆண் எங்கே வேண்டுமானாலும் திரும்பி நின்றுகொள்கிறான். பெண் காலையில் வீட்டில் குடித்த தண்ணீரோடு சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறாள். அதனால் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல், வெயில் மயக்கம் எல்லாம் வருகின்றன. மாதவிலக்கு நாளில் துணி மாற்றவும் இடமில்லாமல் ஈரத் துணியோடு சேற்றில் நிற்கிறாள்.

இதற்கு என்ன செலவு? மோட்டார் கொட்டகைப் பக்கம் நாலு கழி நட்டு, மூன்று பக்கம் கீற்றுத் தட்டி கட்டி, ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் வையுங்கள். பக்கத்தில் குடிதண்ணீர்ப் பானை, குழந்தைக்குத் தூளி கட்ட நிழல். வயலுக்கு வயல் வேண்டாம். நாலு விவசாயிகள் சேர்ந்து ஒன்று போட்டால் போதும். எலி வராமல் பயிரைக் காப்பது நமக்குத் தெரியும். மனிதருக்கு ஒரு தட்டி கட்டத் தெரியாமல் போகுமா?

கர்ப்ப காலத்தில் கூலி

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பெயரில் தமிழ்நாடு அரசு 1987-ல் ஒரு மகப்பேறு உதவித் திட்டம் ஆரம்பித்தது. அப்போது 300 ரூபாய். படிப்படியாக உயர்ந்து 2018-ல் 18,000 ரூபாய் ஆயிற்று. ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வருகிறது.

இதன் நோக்கம் என்ன? ஆபீசில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 1961-ம் வருஷத்து மகப்பேறு சட்டம் இருந்தது. 2017-ல் அதைத் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆக்கினார்கள். கூலிக்கு நடவு நடும் பெண்ணுக்கு யார் விடுப்புக் கொடுப்பார்? அவள் இழக்கும் கூலிக்கு ஈடாகவும், அந்த நாளில் நல்ல சாப்பாடு சாப்பிடவும்தான் இந்தப் பணம். ஆகவே அண்ணன்மார்களே, அது வட்டிக்கடனை அடைக்க வந்த பணம் அல்ல. மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதில் பங்கு இல்லை. பணம் வந்த பிறகும் ஒன்பதாம் மாதம் வரை அவளைக் குனிந்து நடவைத்தால் அது எதற்காக வந்ததோ அது வீண்.

தாய்மார்களே, நாள் தள்ளியதும் மூன்று மாதத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள். பதிவு எண் இல்லாமல் பணம் வராது. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். குறைந்தது நாலு முறையாவது பரிசோதனைக்குப் போங்கள். முகம், கை வீக்கம், விடாத தலைவலி, கண் இருட்டிக்கொண்டு வருவது, ரத்தம் படுவது, குழந்தை அசைவு குறைவது இவற்றில் ஒன்று வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

கர்ப்பப்பை யாருடையது?

கூலியும் உடம்பும் ஒரே கணக்கு என்றேனே, அந்தக் கணக்கு எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு வெளி மாநிலத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் பீட் என்று ஒரு வறட்சி மாவட்டம். அங்கிருந்து வருஷா வருஷம் கணவனும் மனைவியுமாகக் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். இருவரையும் ஒரே அரிவாளாகக் கணக்குப் பண்ணி முன்பணம் கொடுக்கிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிலக்கும் வலியும் வேலைக்கு இடைஞ்சல் என்று ஆனபோது பெண்கள் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். 2019-ல் அரசு ஒரு குழு போட்டு விசாரித்தது. கணக்கெடுத்த 82 ஆயிரம் கரும்பு வெட்டும் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் என்று தெரிய வந்தது. சிறு வயதிலேயே எடுத்தவர்களும் உண்டு.

அதை அங்கே நடந்தது என்று தள்ளிவிட வேண்டாம். நம் ஊரிலும் வெள்ளைப்படுதல், இடுப்பு வலி என்று போனால், "பிள்ளைதான் பெத்தாச்சே, எடுத்துடலாம்" என்ற பேச்சு சாதாரணமாக இருக்கிறது. வெள்ளைப்படுதல் பெரும்பாலும் மருந்தில் குணமாகும். பிரசவமான சில வாரத்திலேயே பாரம் தூக்குவதால் அடி இறங்குகிறது என்றால், ஆரம்பத்தில் உடற்பயிற்சியும், உள்ளே பொருத்தும் வளையமும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கத்திதான் வழி என்று இல்லை. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் எலும்பு சீக்கிரம் பலவீனமாகும்.

இதில் உங்கள் உரிமை என்ன? டெல்லியில் ஒரு பெண்மணி உள்ளே பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்தார். மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2008-ல் தீர்ப்பு. வயது வந்த பெண்ணின் சார்பில் வேறொருவர் கொடுத்த சம்மதம் செல்லாது, பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். கணவன், மாமியார் கையெழுத்து அவள் கையெழுத்துக்கு ஈடாகாது. என்ன நோய், வேறு வைத்தியம் உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். வேறொரு டாக்டரிடமும் காட்டிக் கேட்கலாம். ஆண் டாக்டர் பரிசோதித்தால், பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். இதற்கெல்லாம் டாக்டர் கோபித்துக்கொண்டால், தப்பு உங்கள்மேல் இல்லை.

முப்பது வயது தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வலி வந்த பிறகு போவதல்ல பரிசோதனை. பயிர்க் கண்காணிப்பு மாதிரி, பூச்சி கண்ணில் படுமுன் பார்ப்பது.

வாயில்லாத குறை

கடைசியாக ஒன்று. வேலை கொடுப்பவரோ, ஆள் கூட்டிவரும் மேஸ்திரியோ தவறாகப் பேசுவதும் தொடுவதும் நம் வயல்களில் இல்லாதது அல்ல. 1992-ல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளர் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கொடுமைக்கு ஆளானார். அதை ஒட்டி வந்த வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றம் வேலையிடத்தில் பெண்கள் பாதுகாப்புக்கு விதிகள் வகுத்தது. 2013-ல் அது சட்டமாயிற்று. அந்தச் சட்டம் ஆபீசுக்கு மட்டும் அல்ல. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்துக்கும், கூலி வேலைக்கும் மாவட்டம்தோறும் ஒரு உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவி செய்வது குழுவின் கடமை. 181 என்ற எண்ணிலும் பேசலாம்.

பெருமக்களே, அந்தக் களை வயலில் விழுந்த அம்மா பிழைத்துக்கொண்டார். கர்ப்பப்பையில் கட்டி இருந்தது, வைத்தியம் நடந்தது. ஆனால் மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தார். இன்னும் மீட்கவில்லை. அவர் வேலை செய்த பன்னிரண்டு வயல்காரர்களும் கெட்டவர்கள் அல்ல. ஒரு நாள் கூலியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கும் தோன்றவில்லை.

இப்போது என் பயிற்சிக்கு அழைப்பு எழுதும்போது ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் என்று எழுதுகிறேன். அதே நாளில் கிராம சுகாதார செவிலியரையும் வரச் சொல்கிறேன். ஒரு பக்கம் மண் பரிசோதனை, மறு பக்கம் ரத்தப் பரிசோதனை. முதல் கூட்டத்துக்கு வந்த பெண்கள் ஏழு பேர். போன கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர்.

உங்களிடம் நான் கேட்பது நாலே விஷயம். வேலையைப் பார்த்துக் கூலி பேசுங்கள், ஆளைப் பார்த்துப் பேசாதீர்கள். வயலோரம் தண்ணீரும் தட்டியும் வையுங்கள். கருவியோ பயிற்சியோ வந்தால் பெண்ணின் கையிலும் கொடுங்கள். பருவத்துக்கு ஒரு நாள், கூலி பிடிக்காமல், உங்கள் வயலில் வேலை செய்யும் பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பத்துப் பேருக்கு ஒரு நாள் கூலி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை மருந்தடிக்கிற செலவோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

தாய்மார்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். "களை முடியட்டும்" என்று இருக்காதீர்கள். களை அடுத்த பருவமும் வரும்.